நாற்பத்திரண்டாவது சாவு

அத்தை அதுவரை நாற்பத்தொரு முறை செத்திருந்தாள். மாரடைப்பில் பதினாறு, தீயில் ஆறு, லாரி மோதி ஐந்து, மின்சாரம் பாய்ந்து நான்கு, பாம்பு கடித்து மூன்று, தொண்டையில் ஏதோ சிக்கி ஏழு. பிரசவத்தில் ஒருமுறை சாகும்படி கேட்டுக்கொண்டபோது மட்டும், "அறுபத்தாறு வயசுல என்னைச் சந்தி சிரிக்க வெச்சிடாதீங்க மாப்ள" என்று மறுத்துவிட்டாள். மற்றபடி எந்தச் சாவுக்கும் அவள் முகம் சுளித்ததே கிடையாது.

ஆம்புலன்ஸ்காரர்களுக்கான பயிற்சி மையத்தில் நோயாளியாக நடிப்பது அவள் வேலை. சம்பளம் இல்லை. மதியச் சாப்பாடும், போகவர வண்டியும் உண்டு. அந்த மையத்துக்குப் பொறுப்பு அவளுடைய மாப்பிள்ளை. முதலில் அங்கே நோயாளியாக இருந்தது ஒரு ரப்பர் பொம்மை. ஆளுயரம், மீசைகூட வைத்திருந்தார்கள். எல்லோரும் 'ரப்பர் மாமா' என்பார்கள். பயிற்சிக்கு வந்த எவனோ ஒருவன் உயிர் காக்கும் ஆவேசத்தில் மாமாவின் கழுத்தைப் பிடித்துத் திருக, உள்ளே ஸ்பிரிங் அறுந்து, தலை பம்பரம் மாதிரி முழுச்சுற்று சுற்ற ஆரம்பித்துவிட்டது. காப்பாற்ற வந்தவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். பழுது பார்க்கச் சொல்லி எழுதிப்போட்ட கடிதம் தலைமை அலுவலகத்தில் எந்த மேசையில் படுத்துக்கொண்டதோ, மாமாவும் அலமாரியில் படுத்துவிட்டார். அந்தச் சந்தில்தான் அத்தை உள்ளே நுழைந்தாள்.

அவளுக்கும் போக்கிடம் தேவைப்பட்டது. முப்பத்திரண்டு வருஷம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள் அவள். ஓடுகிற வண்டியில் ஏறி, நூறு பேருக்கு நடுவில் டிக்கெட் எடுக்காத ஒருவனைக் காதின் நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று அந்தக் காலத்தில் பேச்சு. அப்படிப்பட்டவளை ஓய்வு கொடுத்து வீட்டில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? வீட்டில் பிரிட்ஜ், மிக்சி, மகள் மூன்றும் அவளைப் பார்த்தாலே உறுமின. சாகும் வேலை கிடைத்த அன்றைக்கு அவளுக்குப் பத்து வயது குறைந்தது.

தொழில் பக்தி வேறு. வீட்டுச் சோபாவில் கண்ணைச் செருகிக்கொண்டு, வாயோரம் நாக்கைத் தள்ளி அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் சிலிண்டரை அப்படியே உருட்டிவிட்டு ஓடிப்போனான். மூன்று மாதம் அந்தத் தெருவுக்கே சிலிண்டர் வரவில்லை.

"அம்மா, சாகறதா இருந்தா ஆபீஸ்லயே செத்து முடிச்சுட்டு வா. வீட்டுக்குள்ள கொண்டு வராத," என்றாள் மகள். மருந்துக்கடையில் வேலை அவளுக்கு. நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவள்.

பயிற்சி மையம் ஆம்புலன்ஸ் நிறுத்தும் கொட்டகைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. அங்கே ஒரு வீட்டின் கூடத்தை அச்சாகச் செய்துவைத்திருந்தார்கள். சோபா, பூப்போட்ட திரைச்சீலை, படம் வராத டிவி, தரையில் வழுக்கும் பாய். சுவர் மட்டும் மூன்றுதான். நாலாவது சுவருக்குப் பதில் கறுப்புக் கண்ணாடி. அதற்குப் பின்னால்தான் மாப்பிள்ளையின் அறை. அங்கே அவர் மைக்கோடு உட்கார்ந்து, "நோயாளி மகன் அழறாரு," "மின்சாரம் போயிடுச்சு," என்று கடவுள் மாதிரி குரல் கொடுப்பார்.

அத்தை பாயில் விழுந்து கிடப்பாள். மூன்று பேர் கொண்ட குழு கதவைத் திறந்துகொண்டு பாயும். முதலில் வருகிறவன் கேப்டன். உண்மையில் அவன் கேப்டனும் இல்லை, ஒன்றும் இல்லை, குழுத் தலைவன்தான். ஆனால் தொண்டை அப்படி. அவன் தும்மினால் கீழே கொட்டகையில் நிற்கும் வண்டியில் சைரன் அடிக்கும். அடுத்து ஒல்லி, வண்டி ஓட்டுபவன். ஸ்ட்ரெச்சரைத் தூக்கினால் எது ஸ்ட்ரெச்சர் எது அவன் என்று குழம்பும். கடைசியாக சிஸ்டர், அதிகம் பேசாத நர்ஸ்.

பாய்ந்து வந்ததும் கேப்டன் ஆரம்பிப்பான்.

"கையுறை போட்டாச்சு! இடம் பாதுகாப்பு, பாத்தாச்சு! கூப்பிட்டுப் பாத்தாச்சு!"

"மூச்சு பாத்தாச்சு!" என்பாள் சிஸ்டர்.

"ஸ்ட்ரெச்சர் வந்தாச்சு! படி எறங்கியாச்சு!" என்பான் ஒல்லி, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு.

"வண்டில ஏத்தியாச்சு! ஆஸ்பத்திரி போயாச்சு!"

முடிந்தது. அத்தை பிழைத்துவிட்டாள்.

இது ரப்பர் மாமா காலத்துப் பழக்கம். மாமாவுக்கு நாடி கிடையாது, நெஞ்சு ஏறி இறங்காது. பார்த்தேன் என்று வாயால் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு ஜோடி கையுறையைக் கிழித்துப் போட்டால் மேலிடம் கத்தும். ஆகவே அதையும் சொன்னால் போதும் என்று ஆனது. தலைமை அலுவலகத்து மதிப்பெண் தாளில் மொத்தம் நாற்பது வரிகள். சொன்னால் டிக், சொல்லாவிட்டால் இல்லை. மாமா போய் ரத்தமும் சதையுமாக அத்தை வந்தபிறகும் பழக்கம் மாறவில்லை. நாளுக்கு நாள் வேகம்தான் கூடியது. போன மாதம் ஒரு நிமிடம் ஐம்பது விநாடியில் அவளை உயிர்ப்பித்துச் சாதனை செய்தார்கள். அன்றைக்கு அத்தைக்குச் சாகவே நேரம் போதவில்லை.

முதல் சில சாவுகளில் அவள் இதைக் கவனிக்கவில்லை. நடிப்பு மயக்கம். ஆனால் 'ஆச்சு' என்கிற சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு எத்தனை நாள் சும்மா படுத்திருப்பாள்? "எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்று முப்பத்திரண்டு வருஷம் பேருந்து நிறையக் கேட்டவள் அவள். "எடுத்தாச்சா? சந்தோஷம். காட்டு பாப்போம்" என்பதுதான் அவள் வாழ்நாளில் அதிகம் பேசிய வாக்கியம், கட்டின புருஷனிடம்கூட அத்தனை வார்த்தை பேசியிருக்க மாட்டாள்.

ஒரு நாள் பயிற்சிக்குப் போகும் முன் வலது மணிக்கட்டில், நாடி பார்க்கிற இடத்தில், நீலப் பேனாவால் 'வணக்கம்' என்று எழுதி, நோயாளிக்கென்று மையம் கொடுத்த முழுக்கைச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டாள். நாடி பிடிக்கிறவன் கையை விலக்கினால் படித்துச் சிரிக்கட்டும் என்று. யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் மையைப் புதுப்பித்து, 'வணக்கம், நலமா?' என்று நீட்டினாள். அடுத்த வாரம் முழங்கை வரைக்கும் ஒரு கடிதமே எழுதிக்கொண்டு போய்ச் செத்தாள். பதினோரு சாவு. ஒருவரும் பதில் போடவில்லை.

அன்று மாலை மாப்பிள்ளையின் அறைக்குப் போய்ச் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள்.

"என்ன அத்தை இது? பச்சை குத்திக்கிட்டீங்களா?"

"படிங்க."

படித்தார். படித்து முடித்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"பதினோரு தடவை மாப்ள. நாடி பாத்தாச்சு, நாடி பாத்தாச்சுன்னு தொண்டை கிழியக் கத்தறாங்க. ஒருத்தன் என் கையைத் தொடல. தீப்பிடிச்சு எரியற கிழவி கையைக்கூடத் தொடல."

மாப்பிள்ளை எழுந்து கதவைச் சாத்தினார். நல்ல மனுஷன்தான். பத்து வருஷம் வண்டியில் ஓடி, எத்தனையோ பேரைத் தன் கையால் தூக்கியவர்.

"அத்தை, வெள்ளிக்கிழமை மதிப்பீடு. இன்னும் நாலு நாள். இப்ப போய் எல்லாத்தையும் கலைச்சா அவங்களுக்கு உள்ளதும் மறந்து போயிடும்."

"உள்ளது என்ன இருக்கு, மறக்கறதுக்கு?"

"தெரியும் அத்தை. முடிஞ்சதும் நானே மாத்தறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். மாப்பிள்ளைக்கு அந்தப் பொறுப்பு ஒரு வருஷத்துக்குத் தற்காலிகம். வெள்ளிக்கிழமை மையம் தேறினால் பதவி நிரந்தரம், இதே மாதிரி எல்லா நிலையங்களிலும் திறப்பார்கள். தேறாவிட்டால் மையத்தை இழுத்து மூடிவிட்டு, ரயிலில் பதினான்கு மணி நேரம் போனால் வருகிற ஒரு நிலையத்துக்கு அவரைத் தூக்கியடிப்பார்கள். மகளும் கூடப் போய்விடுவாள். சூட்கேஸைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, "சும்மா, தூசி தட்டினேன்" என்று அவள் சொன்ன லட்சணத்தை அத்தை பார்த்திருந்தாள். அப்புறம் வீட்டில் அத்தையைப் பார்த்து உறும பிரிட்ஜும் மிக்சியும்தான் மிச்சம்.

குளியலறைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையிலிருந்த கடிதத்தைத் தேய்த்துக் கழுவினாள். வாயைத் திறக்கவில்லை. அத்தை நான்கு நாள் வாயைத் திறக்காமல் இருந்தது இதுவே முதல் தடவை என்பதால் மகள் இரண்டு முறை அவளுக்குக் காய்ச்சல் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மதிப்பீட்டாளர் வந்தார். வழுக்கையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். மார்போடு அணைத்த அட்டையில் அந்த நாற்பது வரித் தாள். சட்டைப் பையில் நான்கு பேனா, நான்கும் டிக் போட. கண்ணாடிக்குப் பின்னால் உட்காரச் சொன்னதற்கு, "கிட்டேருந்து பாக்கணும்" என்று பொய்க்கூடத்துச் சோபாவிலேயே உட்கார்ந்துகொண்டார். எதிரே தேநீரும் ஒரு தட்டு பிஸ்கட்டும் வைத்தார்கள். அந்த பிஸ்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மையம் திறந்த அன்று வாங்கியது. தண்ணீரில் போட்டால் கல் மாதிரி கீழே போய் உட்காரும்.

"நிகழ்வு: வீட்டில் மயங்கி விழுந்த மூதாட்டி. மூச்சு இல்லை, நாடி இல்லை," என்றது மாப்பிள்ளையின் குரல் மைக்கில்.

அத்தை நாற்பத்திரண்டாம் முறையாகச் செத்தாள். நன்றாகவே செத்தாள். ஒரு கால் சோபாவில் மாட்டிக்கொள்கிற மாதிரி விழுந்து, மதிப்பீட்டாளர் "அடடா" என்று உச்சுக்கொட்டும் அளவுக்கு.

குழு பாய்ந்தது. "கையுறை போட்டாச்சு!" டிக். "கூப்பிட்டுப் பாத்தாச்சு!" டிக். "நாடி பாத்தாச்சு, இல்ல!" டிக். "நெஞ்சை அழுத்தியாச்சு, முப்பது!" டிக். பேனா ஓடுகிற சத்தம் அத்தையின் காதுக்கு மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. பத்து, பதினைந்து, இருபத்தைந்து. இருபத்தாறாவது வரியில் பேனா நின்றது.

அத்தை ஒற்றைக் கண்ணை மயிரிழை திறந்தாள். மதிப்பீட்டாளர் அட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தட்டில் பாதி பிஸ்கட் இருந்தது. மீதிப் பாதி எங்கே என்பதை அவர் முகமே சொல்லிற்று.

கேப்டன் ஒரு கணம் திகைத்தான். அப்புறம் முகம் மலர்ந்தது. பரீட்சையில் எதிர்பாராத கேள்வி! தலைமை அலுவலகத்தார் திடீரென்று இரண்டாவது நோயாளியைச் சொருகுவார்கள் என்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான்.

"தொண்டை அடைப்பு! ரெண்டாவது நோயாளி!" என்று முழங்கினான். "முன்னால குனிய வெச்சாச்சு! முதுகுல அஞ்சு தட்டு, தட்டியாச்சு!"

"வாய்க்குள்ள பாத்தாச்சு!" என்றான் ஒல்லி, இரண்டடி தள்ளி நின்று.

"வயித்தை அஞ்சு தடவை அழுத்தியாச்சு! மறுபடி முதுகுல அஞ்சு, தட்டியாச்சு!"

சிஸ்டர் மட்டும் ஒரு அடி முன்னால் வைத்து, கேப்டனைப் பார்த்து, நின்றுவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் மாப்பிள்ளை, எப்பேர்ப்பட்ட நடிகர் இந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருந்ததாக அப்புறம் ஒப்புக்கொண்டார். மதிப்பீட்டாளர் சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போய், நீலத்திலிருந்து கத்தரிக்காய்க்கு வந்துகொண்டிருந்தார். அந்த நிலையிலும், 'தட்டியாச்சு' என்றதும் அவர் வலது கை காற்றில் ஒரு டிக் போட்டது என்று அத்தை இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

ஏழு முறை தொண்டை அடைத்துச் செத்தவள் அத்தை. ஏழு முறையும் ஊரைக் கூட்டுகிற மாதிரி கர்ர், புர்ர், கொர்ர் என்று சத்தம் போட்டுத்தான் செத்தாள். நடிக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இந்த மனுஷன் வாய் திறந்திருந்தது. சத்தமே வரவில்லை.

அத்தை எழுந்துவிட்டாள்.

"அத்தை! நீங்க செத்துட்டீங்க! படுங்க!" என்று அலறினான் கேப்டன்.

"நீ தள்ளுடா!"

அவள் தள்ளிய தள்ளில் கேப்டன் ஒல்லி மேல் விழ, ஒல்லி திரைச்சீலையைப் பிடிக்க, திரைச்சீலை கம்பியோடு கழன்று இருவரையும் மூடியது. அத்தை மதிப்பீட்டாளரின் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கையைக் கொடுத்து முன்னால் வளைத்தாள். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஓங்கி ஒன்று வைத்தாள். அவள் எந்த வகுப்பிலும் படித்தவள் இல்லை. ஆனால் என்ன செய்யவேண்டும் என்று அவள் தலைக்கு மேலே நின்று ஆயிரம் தடவை ஒப்பித்திருக்கிறார்களே. ஒன்று. இரண்டு. ஓடும் பேருந்தில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து முப்பத்திரண்டு வருஷம் நின்ற கை அது. மூன்றாவது அடியில் பாதி பிஸ்கட் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறந்து போய்க் கண்ணாடியில், மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே, ஒட்டிக்கொண்டது.

மதிப்பீட்டாளர் மூச்சை இழுத்த சத்தம் கீழே கொட்டகை வரை கேட்டது.

திரைச்சீலைக்குள்ளிருந்து கேப்டனின் குரல் மட்டும் வந்தது. "நோயாளி சீராயிட்டாரு!"

அரை மணி நேரம் கழித்து மாப்பிள்ளையின் அறையில் எல்லோரும் கூடினார்கள். மதிப்பீட்டாளருக்கு நிறம் திரும்பியிருந்தது. நாடியைச் சிஸ்டர் உண்மையிலேயே பார்த்திருந்தாள். அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இங்க நடந்தது இங்கயே இருக்கட்டும்," என்றார். "மதிப்பீட்டுக்குப் போன இடத்துல பிஸ்கட் மாட்டிச் சாகப் பாத்தேன்னு தெரிஞ்சா தலைமை ஆபீஸ்ல ரிட்டயர் ஆகற வரைக்கும் என்னை ஓட்டுவானுங்க. தொண்ணூத்தாறு போட்டுடறேன்."

"தொண்ணூத்தாறா?" என்றார் மாப்பிள்ளை.

"நூறு போட்டா மேல நம்ப மாட்டாங்க."

ஒல்லி சிரித்தான். மாப்பிள்ளையின் தோள் இரண்டும் ஒரு வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்த எதையோ இறக்கின மாதிரி தாழ்ந்தன. மதிப்பீட்டாளர் தாளின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி அத்தை பக்கம் நகர்த்தினார். 'நோயாளியாக நடித்தவரின் கருத்து' என்று தலைப்பு, கீழே மூன்று கோடு, கையெழுத்துக்கு ஒரு கட்டம்.

"திருப்தின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. இது இல்லாம அறிக்கை செல்லாது."

அத்தை பேனாவை வாங்கினாள். 'தி' எழுதினாள். சூட்கேஸ் ஞாபகம் வந்தது. 'ரு' எழுதினாள்.

அப்போதுதான் கேப்டன் வாயைத் திறந்தான். அதுவரை மூலையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"அத்தை, நான் பொய் சொல்லல. சத்தியமா நான் தட்டினேன்னுதான் நெனச்சேன்."

"என்னடா சொல்ற?"

"தட்டியாச்சுன்னு சொன்னேன்ல, சொன்னதும் கை தட்டின மாதிரியே இருந்துச்சு. அவரு ஏன் இன்னும் நீலமா ஆகறாருன்னுதான் புரியல."

டிக்கெட் எடுக்காமல் எடுத்தாச்சு என்பவனை அத்தைக்குத் தெரியும். அவன் காது சிவக்கும். இவன் காது சிவக்கவில்லை. எடுத்ததாகவே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இப்படி ஒருவனை அவள் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை.

பேனாவை மேசையில் வைத்தாள்.

"மாப்ள, நாளைக்கு உங்க பொண்டாட்டிக்குத் தொண்டையில ஏதாவது மாட்டுது. போன் பண்றீங்க. யார் வருவாங்க?"

மாப்பிள்ளையின் கண் கேப்டன் பக்கம் போனது.

"இவங்க மூணு பேர்தான் வருவாங்க. தொண்ணூத்தாறு மார்க் வாங்கினவங்க. வாசல்ல நின்னு, தட்டியாச்சும்பாங்க."

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க," என்றார் மதிப்பீட்டாளர். "நெஜ வேலைன்னு வந்தா தானா கை வரும்."

"வந்துச்சா தம்பி? உங்களுக்கு வந்துச்சா?"

மதிப்பீட்டாளர் தன்னையறியாமல் தோள்பட்டையை அசைத்தார். வலித்திருக்கும். அத்தை வைத்த அடிக்கு இன்னும் ஒரு மாதம் வலிக்கும்.

"இவங்க மேல தப்பு இல்ல," என்றாள் அத்தை. "உங்க தாளு வாயைப் பாத்துதானே மார்க் போடுது? அதுக்குத் தோதா வாயை வளத்துட்டாங்க. இதை நான் எழுதினா என் பொண்ணு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போவா. அதுவும் எனக்குத் தெரியும்." அவள் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "உங்க வேலை, உங்க குடும்பம். நீங்க வேண்டாம்னா திருப்தின்னே எழுதிடறேன். சொல்லுங்க."

மாப்பிள்ளை கண்ணாடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிலே இன்னும் பிஸ்கட் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் துடைக்கவில்லை. அவர் தலையைத் தடவினார், கழுத்தைத் தடவினார், பத்து வருஷம் ஸ்ட்ரெச்சர் தூக்கிக் காய்த்துப்போன உள்ளங்கையைப் பார்த்தார்.

"எழுதுங்க அத்தை," என்றார்.

அத்தை 'திரு'வை அடித்துவிட்டு எழுதினாள்: 'என்னை நாற்பத்திரண்டு முறை காப்பாற்றினார்கள். ஒருமுறைகூட யாரும் என்னைத் தொடவில்லை. சொன்னதற்கு மதிப்பெண் போடுவதை நிறுத்தி, செய்ததற்குப் போட்டால் இவர்கள் நன்றாகச் செய்வார்கள்.' மூன்று கோடும் சரியாகத் தீர்ந்தது. கையெழுத்துப் போட்டாள்.

"பிஸ்கட்டைப் பத்தி எழுதல," என்றாள் மதிப்பீட்டாளரிடம். "அது நமக்குள்ள."

அவர் மூன்று முறை படித்தார். தொண்ணூற்றாறை அடித்துவிட்டு, 'மறுமதிப்பீடு, முப்பது நாள்' என்று எழுதிப் பேனாவை மூடினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் பேசினாள். ராத்திரிச் சாப்பாட்டில் ஆரம்பித்து அடுத்த புதன்கிழமை வரை பேசினாள். "உனக்கு என்னம்மா வந்துச்சு? மூணு கோடு இருந்தா மூணு கோட்டையும் ரொப்பணுமா?" என்பதுதான் அதன் சுருக்கம். அத்தை அதையெல்லாம் சோபாவில் படுத்து, கண்ணை மூடி, செத்த மாதிரியே கேட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை மாப்பிள்ளை மையத்தில் ஒரு சட்டம் போட்டார். பயிற்சி நேரத்தில் 'ஆச்சு' என்று முடியும் எதையும் யாரும் பேசக்கூடாது. கையுறையைப் போட்டால் போட்டது, கையைப் பிடித்தால் பிடித்தது. மதிப்பெண்ணைத் தரையில் கிடக்கும் அத்தை போடுவாள். நெஞ்சை அழுத்துவதை உயிருள்ள ஆள் மேல் செய்யக்கூடாதென்பதால், அதற்கு மட்டும் ரப்பர் மாமாவை இறக்கினார்கள். ஒல்லி தன் பழைய சைக்கிளிலிருந்து ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றி மாமாவின் கழுத்தில் மாட்டினான். தலை நின்றது. ஆனால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மாமா 'ஆமாம்' என்று தலையாட்டினார்.

முதல் நாள் இருபத்திரண்டு மதிப்பெண். வாயை மூடச் சொன்னதும் கேப்டனுக்குக் கை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கின இறுக்கில் அத்தையின் விரல்கள் வெண்டைக்காய் மாதிரி விறைத்தன. ஒல்லி ஆக்சிஜன் முகமூடியைத் தலைகீழாக மாட்டி, அத்தையின் கண்ணுக்குச் சுவாசம் கொடுத்தான். படியில் இறக்கும்போது முதல் வளைவில் ஸ்ட்ரெச்சர் சிக்கிக்கொள்ள, அத்தை ஏறக்குறைய நின்ற நிலையிலேயே இரண்டு மாடி இறங்கினாள்.

"டேய், நான் நோயாளிடா! அலமாரி இல்ல!"

"பேசாதீங்க அத்தை, உங்களுக்கு மூச்சே இல்ல!"

"விழுந்தேன்னா நெஜமாவே இருக்காது!"

சிஸ்டர்தான் கெட்டிக்காரி. இத்தனை நாளும் கேப்டனின் குரலுக்குக் கீழே அவள் புதைந்து கிடந்திருக்கிறாள். மூன்றாவது வாரம் அத்தையின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, "எண்பத்தெட்டு. பயந்துட்டு இருக்கீங்க" என்றாள் மெதுவாக.

"பின்ன பயப்படாம? இவன் இல்ல என் தலைமாட்டுல நிக்கறான்," என்றாள் அத்தை, ஒல்லியைக் கண்ணால் காட்டி.

முப்பதாம் நாள் மதிப்பீட்டாளர் வந்தார். தேநீரைக்கூடத் தொடவில்லை. இரண்டு மாடியும் ஸ்ட்ரெச்சர் பின்னாலேயே இறங்கி, வண்டிக்குள் எட்டிப் பார்த்து, அத்தையின் முகமூடியை விரலால் தட்டி, கையுறைகளை எண்ணி, ஒவ்வொரு வரிக்கும் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்துத்தான் டிக் போட்டார். ஒரு நிமிடம் ஐம்பது விநாடியில் முடிந்துகொண்டிருந்த வேலைக்குப் பதினொன்றரை நிமிடம் ஆயிற்று. ஒல்லி ஒரு படி தவறினான். கேப்டன் பதற்றத்தில் ஒரே ஒரு தடவை "ஆச்சு" என்று உளறி, தானே வாயைப் பொத்திக்கொண்டான்.

"அறுபத்தேழு," என்றார் மதிப்பீட்டாளர். "அறுபது எடுத்தா தேர்ச்சி. எடுத்துட்டீங்க." தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா மேல என்ன எழுதறதுன்னு தெரியல. ஒரு மாசம் உழைச்சு, தொண்ணூத்தாறுலேருந்து அறுபத்தேழுக்கு முன்னேறியிருக்காங்கன்னா எழுத முடியும்?"

"அப்படியே எழுதுங்க சார்," என்றார் மாப்பிள்ளை. கண் கலங்கியிருந்தது. கேப்டன் அவரைக் கட்டிப்பிடித்துக் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்ற வண்டி தானாகச் சைரன் போட்டது. வண்டிக்குள் கட்டிப் போட்டிருந்த அத்தையை அவிழ்த்துவிட ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

பத்து நாளில் உத்தரவு வந்தது. மாப்பிள்ளைக்குப் பதவி நிரந்தரம். அன்றிரவு மகள் அத்தையின் இடுப்பில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒல்லி தவறிய அந்த ஒரு படியின் கைங்கரியம். ஊமைக்காயம் ஒரு தட்டளவு இருந்தது.

"அறுபத்தேழு மார்க்குக்கா இவ்வளவு பெரிய காயம்?" என்றாள் மகள். ஆனால் கை மெதுவாகத்தான் ஒற்றிற்று.

மாப்பிள்ளை வாசற்படியில் தயங்கி நின்றார். கையில் ஒரு தாள்.

"அத்தை, தப்பா நெனச்சுக்காதீங்க. அடுத்த வாரம் இன்னொரு நிலையத்துக் குழு வருது. அவங்களுக்கு உயரத்துலேருந்து விழுந்த நோயாளி வேணுமாம்."

"எவ்வளவு உயரம்?"

"ஏணி. எட்டாவது படி. கீழ மெத்தை போட்டுடுவோம்."

"அம்மா, முடியாதுன்னு சொல்லு," என்றாள் மகள்.

அத்தை ஒத்தடத் துணியைத் தள்ளிவிட்டுப் புரண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"மெத்தை போட்டாச்சுன்னு சொல்லக்கூடாது மாப்ள. ஏறறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை படுத்துப் பாப்பேன்."